எண் இறங்குகிறதா?

மேற்கு வங்கத்தின் முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா 2023 ஜூலை 29 அன்று மூச்சுத் திணறலுடன் கொல்கத்தாவின் அலிப்பூரில் உள்ள உட்லண்ட்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏற்கெனவே பழுதுபட்டிருந்த நுரையீரலில் கடும் தொற்று. வென்டிலேட்டர் பொருத்த வேண்டியதாயிற்று. அடுத்த நாட்களின் செய்திகளில் புதிதாக ஒரு பெயரும் அடிபட்டது: சிஆர்பி. அது இறங்குகிறது என்பதே நல்ல சேதியாயிற்று. ஆகஸ்ட் 9 அன்று அவர் வீடு திரும்பினார்.

சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற இந்தப் புரதம் 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறியப்பட்டது. தொற்று வந்தால் கல்லீரல் இதை ஏராளமாகச் சுரக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது சில நூறுகளைத் தொடும். சுரப்பு நின்றால் சுமார் 19 மணி நேரத்தில் பாதியாகிவிடும். எனவே ஒரு நாள் எண்ணைவிட, மூன்று நாட்களில் அது போகும் திசைதான் முக்கியம். இத்தகைய ரத்தக் குறியீடுகளை உயிர்க்குறிப்பான்கள் என்று நாங்கள் தமிழாக்கலாம்; ஐசியு வாசலில் நிற்பவர்கள் கேட்பதென்னவோ, "சிஆர்பி எவ்வளவு, டாக்டர்?"

ஆனால் அடிபட்டாலும் ஆபரேஷன் செய்தாலும்கூட சிஆர்பி ஏறும். பாக்டீரியா தொற்றுடன் இன்னும் நெருக்கமானது புரோகால்சிடோனின். கடும் தொற்றில் இதன் அளவு எகிறுவதை 1993இல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். நெதர்லாந்து ஐசியுக்களில் 1,500க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. இந்த எண் உச்சத்திலிருந்து 80 சதவீதம் குறைந்தாலோ, 0.5 மைக்ரோகிராமுக்கு வந்தாலோ ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம் என்று டாக்டர்களுக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. மருந்து நாட்கள் ஏழிலிருந்து ஐந்தாகக் குறைந்தன. மரணங்கள் கூடவில்லை, குறைந்தன. 2024இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்விலும் புரோகால்சிடோனின் ஏறக்குறைய ஒரு நாளை மிச்சப்படுத்தியது. மலிவான சிஆர்பியால் அது முடியவில்லை.

ஒரு நாள்தானே என்று தோன்றலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் ஐசியுக்களில் குடியேறிவிட்ட நம் நாட்டில் அந்த ஒரு நாள் பெரிது. என் சித்தப்பா ஒரு தனியார் மருத்துவமனையில் கிடந்தபோது பில்லில் தினமும் இந்தச் சோதனை இருந்தது. எண் இறங்கிய பிறகும் ஊசி ஏன் தொடர்கிறது என்பதற்கு மட்டும் பதில் இல்லை. பயன்படுத்தாத எண்ணுக்கு எதற்குக் காசு?

மறுபக்கமும் உண்டு. எண் இறங்கவில்லை என்றதும் மருந்துகளைக் கூட்டிப் பார்த்தார்கள் டென்மார்க்கில். 1,200 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வு 2011இல் வெளியானது. உயிர் பிழைத்தவர்கள் கூடவில்லை. வென்டிலேட்டரில் கிடந்த நாட்கள்தான் கூடின. சிறுநீரகம் பழுதானவருக்கு, தொற்று அடங்கினாலும் புரோகால்சிடோனின் மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே அனுபவசாலி டாக்டர் காலையில் லேப் ரிப்போர்ட்டைப் பார்க்குமுன், ரத்த அழுத்தத்தையும் சிறுநீர்ப் பையையும் பார்க்கிறார். நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.