பத்துக் கோடி டன் விற்றால் போதுமா?

இந்தியன் ஆயில் கார்ப்பரேஷனின் 2024-25 கணக்கைப் பார்த்தீர்களா? ஏற்றுமதியையும் சேர்த்து 10 கோடி டன்னைத் தாண்டி விற்றிருக்கிறார்கள். சரித்திரத்தில் இல்லாத விற்பனையாம். பேப்பரில் படித்துவிட்டு வாக்கிங் நண்பர் ஒருவர், "பார்த்தீரா, கவர்மென்ட் கம்பெனி எப்படிப் போடு போடுகிறது!" என்று புளகாங்கிதம் அடைந்தார். எனக்கு அந்தப் புளகாங்கிதம் வரவில்லை. சொற்பப் பங்குகள் வைத்திருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியிருக்கிறேன். அந்த இரண்டு தகுதியை வைத்துக்கொண்டு சில விஷயம் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் விற்பனையையும் லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 2022-23-ல் விற்பனை சுமார் 9.57 கோடி டன், லாபம் 8,242 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 9.75 கோடி டன். லாபமோ 39,619 கோடி! 2024-25-ல் 10 கோடி டன்னுக்கு மேல் விற்றும் லாபம் 12,962 கோடிக்கு இறங்கிவிட்டது. இரண்டு சதவீதம் கூட விற்றதற்கு லாபம் ஐந்து மடங்கு ஏறுமா? அதைவிடக் கூட விற்றதற்கு மூன்றில் ஒன்றாகக் குறையுமா?

காரணம் வேறு. இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை 2022-23-ல் பேரல் 93 டாலர் இருந்தது, மறு ஆண்டு 82, 83-க்கு வந்தது. ஆனால் 2022 மே மாதம் முதல் 2024 மார்ச் வரை பங்க்கில் விலை அசையவே இல்லை. பிறகு தேர்தலுக்குச் சற்று முன்பு இரண்டு ரூபாய் குறைத்தார்கள். 2017-லிருந்து தினமும் விலை மாறும் என்றார்களே, அது என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. 2022-ல் கச்சா எண்ணெய் எகிறியபோது நாங்கள் நஷ்டத்தைத் தாங்கினோம் என்பார்கள். உண்மைதான். எவ்வளவு தாங்கினீர்கள், எவ்வளவு திரும்ப எடுத்துக்கொண்டீர்கள் என்று ஸ்கூட்டர்காரனுக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி எழுதக்கூடாதா? அந்த லாப ஆண்டுக்குப் பங்குக்கு மொத்தம் 12 ரூபாய் டிவிடெண்ட் வந்தது. கம்பெனியில் பாதிக்கு மேல் பங்கு மத்திய அரசுடையது. பெரும் பங்கு போனது அங்கேதான்.

பெட்ரோலுக்கு வருவோம். நாடு முழுக்க 2024-25 நிதியாண்டில் பெட்ரோல் ஏழரை சதவீதம் கூடுதலாகச் செலவானது. வண்டிகள் பெருகியதுதான் முக்கியக் காரணம், மறுக்கவில்லை. ஆனால் எத்தனால்? 2022-ல் பத்து சதவீதம், இப்போது இருபது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் கொஞ்சம் குறையும் என்று அரசே ஒப்புக்கொள்கிறது. அதே தூரம் போக அதிகம் ஊற்றவேண்டும். அந்த அதிகமும் "விற்பனை வளர்ச்சி" என்று கணக்கில் ஏறும். பாலில் தண்ணீர் கலந்தவன் இந்த மாதம் வியாபாரம் ஜோர் என்று சொல்வது போல இருக்கிறது. (கரும்பு விவசாயிக்கு நல்லதுதானே என்று எழுதப்போகிறவர்களுக்கு: நல்லதுதான். விலையில் குறைத்துக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.)

இன்னொன்று, பிரீமியம் பெட்ரோல். எங்கள் பக்கத்து பங்க்கில், எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன், மாதத்தில் பாதி நாள் "சாதா இல்ல சார், பவர்தான் இருக்கு". என்னுடைய பதினைந்து வருஷத்து ஸ்கூட்டருக்குப் பவர் எதற்கு? பங்க் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலேயிருந்து டார்கெட் வந்தால் கீழே உள்ளவன் என்ன செய்வான்?

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. என்னை உறுத்துவது காஸ். கிருஷ்ணாயில் கணக்கைப் பாருங்கள். இரண்டாயிரமாம் ஆண்டு வாக்கில் நாடு முழுக்க ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் செலவானது, இன்று சில லட்சம் டன்தான். ரேஷன் கடையில் நீல எண்ணெய்க்கு டின்னோடு நின்றது நம் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். அது ஒழிந்தது நல்லதே. ஆனால் அந்த அடுப்புகள் எல்லாம் காஸுக்கு மாறிவிட்டனவா?

தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு இலவச காஸ் அடுப்பு வந்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது; பத்துக் கோடிக்கு மேல் இணைப்பு கொடுத்துவிட்டார்கள். சாதாரணச் சாதனை இல்லை, கை தட்டலாம். ஆனால் உஜ்வலா வீடு ஒன்று ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர் வாங்குகிறது? 2019-20-ல் சுமார் மூன்று. 2024-25-ல் சுமார் நாலரை. நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று வீட்டம்மாவைக் கேளுங்கள். மீதி மாதங்களில் விறகுதான். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாள், "காஸு மழைக்காலத்துக்கும் விருந்தாளிக்கும்தான் சாமி" என்று சொல்கிறார். 2025 ஆகஸ்டில் சென்னையில் 868 ரூபாய் 50 காசு. உஜ்வலாக்காரருக்கு அப்போது 300 ரூபாய் மானியம் இருந்தது. ஆனாலும் முதலில் முழுப் பணத்தை எண்ணி வைத்தால்தான் சிலிண்டர் இறங்கும், மானியம் பிறகு பாங்கிக்கு வரும். தினக்கூலிக்காரரிடம் ஒரே நாளில் அவ்வளவு பணம் எங்கே இருக்கும்? போதாததற்கு மானிய சிலிண்டரை 2025-26-ல் 12-லிருந்து 9 ஆகக் குறைத்தார்கள்.

டன் கணக்கில் இந்த அம்மாள் தெரியவே மாட்டார். ஒரு டன் என்றால் ஏறக்குறைய 70 வீட்டு சிலிண்டர். அதில் மூன்று பேர் இருக்கும் வீடு பத்து வாங்கியதும், ஆறு பேர் இருக்கும் குடிசை மூன்று வாங்கியதும் ஒரே கூட்டலில் போய்விடும்.

காஸை அடக்க விலைக்குக் கீழே விற்று நஷ்டப்படுகிறோம் என்பது கம்பெனியின் பதில். அதற்குத்தான் மூன்று எண்ணெய் கம்பெனிகளுக்கும் சேர்த்து 30,000 கோடி ரூபாய் தர 2025 ஆகஸ்டில் மத்திய மந்திரி சபை ஒப்புதல் கொடுத்தது. அது நம் வரிப்பணம். ஆகவே கேட்க உரிமை இருக்கிறது.

ஆண்டுப் பொதுக்கூட்டம் வீடியோவில் நடக்கிறது. அடுத்த அறிக்கையில் டன் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு பத்தி போடுங்கள்; மாவட்டவாரியாக உஜ்வலா வீடு ஒன்று எத்தனை சிலிண்டர் வாங்கியது, ஒரு சிலிண்டர்கூட வாங்காத வீடு எத்தனை என்று அதில் இருக்கட்டும். இதை எழுதி, என் பங்குக் கணக்கு எண்ணையும் குறிப்பிட்டு நேற்று அனுப்பிவிட்டேன். பங்கு வைத்திருப்பவர்கள் நீங்களும் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம்.