வார்த்தவன் பெயர் எங்கே?

2023ஆம் ஆண்டு ஜி-20 மாநாடு டில்லியில் நடந்தபோது, மாநாட்டு மண்டபத்தின் முன்னே 27 அடி உயர நடராசர் சிலையை நிறுத்தினார்கள். எடை 18 டன். வார்த்தது டில்லியிலா? இல்லை. கும்பகோணத்துக்கு அருகே, சுவாமிமலையில்!

'ஆஹா, கலை!' என்று மெச்சினார்கள். நமக்கும் பெருமைதான். ஆனால் மேடையில் கலை என்று பேசப்படுவது, பட்டறைக்குள் நுழைந்ததும் வெறும் கூலி வேலையாகிவிடுகிறதே, அந்த மாயம் என்ன என்று கேட்கிறோம்.

தோழர்களே, அந்த வேலையைப் பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில்தான் முதலில் உருவம் பிறக்கிறது. அளவெடுக்க ஒரு தென்னை ஓலைக் கீற்று. அதை மடித்து மடித்து, முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். மெழுகின்மேல் காவிரி வண்டலை மையாக அரைத்துப் பூசி, காயவிட்டு, மேலும் மேலும் மண் அப்பி, கம்பி சுற்றுகிறார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன இடத்தில் மூசையிலிருந்து உலோகக் குழம்பை ஊற்ற வேண்டும். மெழுகின் எடையைப்போல் ஏறத்தாழ எட்டு, ஒன்பது மடங்கு உலோகம் தேவை. கணக்குத் தப்பினாலோ, ஊற்று நடுவில் நின்றாலோ பட்டபாடு அத்தனையும் பாழ். ஆறியபின் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. அதன்பின் உளி, அரம், மெருகு.

மெழுகு பிடித்தவர், மண் பூசியவர், உலைப் புகையில் வெந்தவர், அரம் தேய்த்தவர் என்று எத்தனை கைகள்! சிலையோடு எத்தனை பெயர் ஊர் தாண்டிப் போகிறது?

இது இன்றைய வழக்கமும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலே படிமத்தைக் கொடுத்தவர் பெயர் உண்டு, அதன் உயரம் முழக்கணக்கில் உண்டு. அதை வார்த்தவன் பெயர்தான் இல்லை. அரியலூர் சீமை ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடுபோன நடராசரை 2008ல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஒன்று 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014ல் சிலை திரும்பி வந்தது. திருடனுக்குக்கூட விலை தெரிந்திருக்கிறது!

'பழந்தொழில் காக்கவேண்டுமானால் அப்பன் தொழிலை மகன் செய்யட்டும்' என்று சிலர் புத்தி சொல்ல வருவார்கள். 1953ல் வந்த குலக்கல்வித் திட்டத்தை நாடு எதிர்த்து நின்றதும், 1954ல் அது கைவிடப்பட்டதும் அவர்களுக்கு மறந்திருக்கலாம், நமக்கு மறக்கவில்லை. 1957ல் மாமல்லபுரத்தில் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று அரசுக் கல்லூரியாக உலோகச் சிற்பமும் கற்பிக்கிறது. விரும்பிய எவர் பிள்ளையும் அங்கே படிக்கட்டும். கலை ஒரு குடும்பத்தின் சீதனமா என்ன?

நாம் கேட்பது அதிகமில்லை. உலை முன் நிற்பவருக்கு வாழப் போதுமான நாட்கூலி. புகை போக வழி. சுட்டுக்கொண்டால் மருத்துவச் செலவு. அரசு வாங்கும் ஒவ்வொரு சிலையின் பீடத்திலும் மெழுகுக்காரர் முதல் மெருகுக்காரர்வரை அத்தனை பேர் பெயரும் வெட்டப்பட வேண்டும். டில்லிச் சிலையிலேயே அதைத் தொடங்கலாம்.