மல்லிகை மொட்டும் செல்போன் படமும்

கேள்வி: இருபது சென்ட்டில் குண்டுமல்லி வைத்திருக்கிறோம். மொட்டுகள் ஊதா நிறமாகி வாடி விழுகின்றன. செல்போனில் படம் எடுத்து மருந்துக்கடையில் காட்டினோம். ஒருவர் புழு என்கிறார், இன்னொருவர் பேன் என்கிறார். இரண்டு முறை மருந்தடித்தும் நிற்கவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, கருமத்தம்பட்டி

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய படத்தில் செடி தெரிகிறது, மொட்டு மங்கலாக இருக்கிறது. அதை வைத்து மருந்து சொன்னால் காசுக்குத்தான் கேடு.

மல்லிகை மொட்டைக் கெடுப்பவை முக்கியமாக மூன்று. மொட்டுப்புழு தாக்கினால் மொட்டில் துளை இருக்கும். பக்கத்து மொட்டுகளை நூலால் பிணைத்திருக்கும். மொட்டு ஈ என்றால் துளை இருக்காது. மொட்டின் அடி வீங்கி, ஊதா நிறமாகிக் காயும். பிளந்தால் உள்ளே பொடிப் புழுக்கள் நெளியும். பேன் தாக்கினால் இதழின் ஓரம் பழுப்பாகிக் கருகும். இந்த வித்தியாசம் கிட்டத்தில் எடுத்த படத்தில்தான் தெரியும்.

படம் எடுக்கும் முறை:

1. காலையில் பூப்பறிக்கும்போதே எடுங்கள். உச்சி வெயிலில் வெள்ளை மொட்டு வெளுத்துப்போய்விடும்.
2. கேமரா கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள்.
3. அரைச் சாண் தூரமாவது விடுங்கள். அதற்கும் கிட்டப் போனால் பல போன்களில் படம் மங்கும்.
4. திரையில் மொட்டின் மேல் விரலால் ஒருமுறை தொட்டு, தெளிவான பிறகு எடுங்கள்.
5. ஆடிக்காற்றில் கிளை ஆடும். இன்னொருவர் காம்பைப் பிடித்துக்கொள்ளட்டும்.
6. நான்கு படம் வேண்டும்: முழுச்செடி, கிளை, மொட்டு, பிளேடால் நெடுக்கில் பிளந்த மொட்டு. பிளந்ததை வெள்ளைத்தாளில் வைத்து, அளவு தெரிய அருகில் ஒரு தீக்குச்சி வையுங்கள்.
7. பூவை வெள்ளைத்தாளில் தட்டிப் பாருங்கள். பேன் இருந்தால் கோடுபோல ஊரும், அதையும் எடுங்கள்.
8. வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்பினால் தெளிவு குறையாது.

இந்தப் படங்களோடு சில மொட்டுகளையும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ, கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையிலோ காட்டுங்கள்.

நீங்கள் சொல்லும் ஊதா நிறத்தைப் பார்த்தால் மொட்டு ஈயாக இருக்கலாம். அதன் புழு மொட்டுக்குள் இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து எளிதில் எட்டாது. பிறகு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். எனவே உறுதியாகும்வரை மருந்தடிப்பதை நிறுத்துங்கள். கெட்ட மொட்டுகளைச் செடியடியில் போடாமல் பொறுக்கிப் பாலிதீன் பையில் கட்டி வெயிலில் வைத்து அழியுங்கள். செடியடி மண்ணைக் கொத்திக் கிளறி வெயில் படவிடுங்கள். இதற்குச் செலவு உங்கள் உழைப்பு மட்டுமே.