பெரிய திரை யாருக்கு?

சகோதரிகளே, சீட்டுக் காசு கைக்கு வந்ததும் புதிய கையடக்கத் தொலைபேசி ஒன்று வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருக்கலாம். கடைக்குப் போவது பெரும்பாலும் மகனோ தம்பியோதான். "திரை எத்தனை அங்குலம்?" என்பதே அவர்களின் முதற் கேள்வி. ஆனால் பாவிக்கப்போவது நீங்கள் அல்லவா?

அங்குலக் கணக்கு என்பது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளப்பது. அகலத்தை அது சொல்லாது. முன்னர் 16க்கு 9 என்ற விகிதத்தில் வந்த 5.5 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 68 மில்லிமீற்றர். இப்போது 20க்கு 9 என்ற விகிதத்தில் வரும் 6.5 அங்குலத் திரை அதைவிடச் சற்று ஒடுக்கமானது, நீளம்தான் கூடியிருக்கிறது. எனவே கைக்குள் அடங்கும், ஆனால் பெருவிரல் மேல் மூலைக்கு எட்டாது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் பாவிப்பவருக்கு இதுதான் தொல்லை. 6.7 அங்குலத் தொலைபேசிகள் பல 200 கிராம் அளவில் இருக்கின்றன. உறை போட்டால் பாரமும் அகலமும் இன்னும் கூடும்.

உங்கள் ஒரு நாளைச் சற்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் அதிகம் செய்வது வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதும் அழைப்பு எடுப்பதும் என்றால், அதற்குப் பெரிய திரை எதற்கு? குரலுக்குத் திரையே தேவையில்லையே!

வெள்ளெழுத்து வந்த உம்மாவுக்கோ நிலைமை வேறு. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி எல்லாத் தொலைபேசியிலும் உண்டு. ஆனால் சிறிய திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்களே நிற்கும். வாசிப்பவர் சலித்துப் போவார். இவருக்குப் பெரிய திரை உண்மையிலேயே உதவும். கட்டாரில் இருக்கும் மகனுடன் மேசையில் சாய்த்து வைத்து முகம் பார்த்துப் பேசவும் வசதி. (பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கவும் அதைத்தான் தேடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்!)

விலை குறைந்த பெரிய தொலைபேசிகளில் ஒன்றைக் கவனியுங்கள். சிலவற்றில் திரையின் குறுக்கே 720 புள்ளிகள்தான் இருக்கும். அதே புள்ளிகள் பெரிய கண்ணாடியில் பரவும்போது சிறிய எழுத்துக்களின் கூர்மை குறையும். வாசிப்பதற்கென்றே வாங்குபவர் 1080 உள்ளதைக் கேட்பது நல்லது.

முடிந்தால் நீங்களும் கடைக்குப் போங்கள். உறையோடு கையில் பிடித்து, ஒரு குறுஞ்செய்தியை ஒற்றைக் கையால் எழுதிப் பாருங்கள். உங்கள் கைப்பையில் வைத்து மூடிப் பாருங்கள். காசைக் கொடுக்க முன்னர் *#06# அழுத்தி, வரும் 15 இலக்க எண் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியப்பட்டதா என்பதை 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.