ஒவ்வாமைக்குக் கஷாயம் விற்கலாமா?

இறாலையும் நண்டையும் கருவாட்டையும் "கரப்பான் பண்டம்" என்று ஒதுக்கிவைப்பது நம் காரைக்கால் வட்டாரத்தில் பழைய வழக்கம். உடம்பில் தடிப்புக் கண்டால் பாட்டிமார் முதலில் பண்டத்தை நிறுத்துவர். மூலிகையைத் தேடுவது பிறகுதான். இந்த வரிசையை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது சிலர் வரிசையை மாற்றப் பார்க்கின்றனர். மூலிகைச் சாற்றைப் புட்டியிலடைத்து, "இதைக் குடித்துவிட்டு இறாலைத் தாராளமாக உண்ணலாம்" என்று சங்க முத்திரையோடு விற்கலாமென யோசனை கூறுகின்றனர். இது எமக்கு உசிதமாகத் தோன்றவில்லை.

மூலிகையை யாம் இகழவில்லை. நியூயார்க் மௌண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சியூ-மின் லீ என்னும் அம்மையார், பழைய சீன வைத்திய முறையொன்றை ஆதாரமாகக் கொண்டு ஒன்பது மூலிகைகள் சேர்ந்த மருந்தொன்றை உருவாக்கினார். நம் சுக்கும் அதில் உண்டு. நிலக்கடலை ஒவ்வாத சுண்டெலிகளை அது காப்பாற்றிற்று. பின்னர் கடலை, மீன், இறால் முதலியன ஒவ்வாத 68 பேரைத் தெரிந்தெடுத்து, ஒரு பகுதியினருக்கு இம்மருந்தும் மற்றவர்க்குப் போலி மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தனர். வேளைக்குப் பத்து, நாளைக்கு மூன்று வேளை. பலர் ஒழுங்காக உண்ணவில்லை. தினம் முப்பது மாத்திரை என்றால் யார்தான் உண்பார்! 2015-ல் முடிவு வெளியாயிற்று. மருந்தால் தீங்கில்லை, ஆனால் ஒவ்வாத உணவைத் தாங்கும் சக்தியில், போலி மாத்திரை உண்டவரைவிட இவர்கள் மேம்படவில்லை. அதை மறைக்காது வெளியிட்டனர். ஒரு சோதனையும் செய்யாத நாம் எந்தத் துணிவில் விற்பது?

"மூலிகைதானே, கெடுதல் என்ன?" என்பாரும் உளர். கரப்பானுக்கு நம்மவர் வழங்கும் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலம் ஒன்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க அவ்வினத்துச் சீன மூலிகையை உண்ட பெண்கள் பலரின் சிறுநீரகம் பழுதுற்றது.

உதடு வீங்கி மூச்சுத் திணறும்போது வேண்டுவது அட்ரினலின் ஊசி. புட்டியை நம்பி வீட்டில் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. திருமலைராயன்பட்டினத்துக் குப்பங்களிலிருந்து காரைக்கால் அரசு மருத்துவமனை அதிக தூரமன்று. உடனே கொண்டு செல்லலாம்.

உரிமமின்றிச் சித்த மருந்து செய்து விற்க 1940-ஆம் ஆண்டுச் சட்டமும் இடந்தராது. சங்கம் செய்யக்கூடியது வேறு உண்டு. கடலை மிட்டாயோ இறால் ஊறுகாயோ நம் பெயரில் விற்போமாயின், ஒவ்வாமை தரும் பொருள் இன்னதென்று 2020-ஆம் ஆண்டு விதிப்படி பொட்டலத்தின்மீது தெளிவாக அச்சிடுவோம். கஷாய யோசனை பொதுக்கூட்டத்துக்கு வருமாயின், எமது வாக்கு அதற்கு எதிராகவே விழும்.