கண்ணைக் கட்டும் வித்தை

முகத்தில் ஒரு கருவியை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுக் கூடம் மறைந்துவிடும். எதிரே மலை தோன்றும். காலடியில் பாதாளம் தெரியும். வாள் வீசலாம், வானில் பறக்கலாம். 'மெய்நிகர் உலகம்' என்னும் இந்த விளையாட்டே நாளைய உலகை ஆளப் போகிறது என்று வியாபாரிகள் முழங்குகிறார்கள்.

இந்த முழக்கம் புதிதா? இல்லவே இல்லை!

1962-ம் ஆண்டிலேயே மார்ட்டன் ஹைலிக் என்ற அமெரிக்கர் 'சென்சோரமா' என்ற பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குள் தலையை நுழைத்தால் படம் தெரியும், காற்று வீசும், வாசனை வரும், இருக்கை அதிரும். ஆனால் அது வியாபாரமாகவில்லை. 1968-ல் ஐவன் சதர்லண்ட் என்ற விஞ்ஞானி தலையில் மாட்டும் கருவியைச் செய்தார். அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது! 1995-ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 'வர்ச்சுவல் பாய்' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் தெரிந்த படமெல்லாம் ஒரே சிவப்பு. மறு ஆண்டே கடையைக் கட்டினார்கள்.

2014-ல் பேஸ்புக் கம்பெனி, இக்கருவிகளைச் செய்யும் ஆக்குலஸ் நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2021-ல் தன் பெயரையே 'மெட்டா' என்று மாற்றிக்கொண்டது. பலன்? 2022-ம் ஆண்டில் மட்டும் அந்தப் பிரிவில் ஏற்பட்ட நஷ்டம் சுமார் 1,370 கோடி டாலர்!

அறுபது ஆண்டுகளில் படம் தெளிவடைந்திருக்கிறது; கருவியின் எடை குறைந்திருக்கிறது. மாறாதது மனித உடல்தான். "ஓடுகிறாய்" என்கிறது கண். "நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருக்கிறாய்" என்கிறது, உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவி. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் மூளை என்ன செய்யும்? பலருக்குத் தலை சுற்றுகிறது, குமட்டல் வருகிறது. மலைப்பாதையில் பஸ் ஏறியவர்களுக்கு இது புரியும்.

இக்கருவியால் பயனே இல்லை என்பது வாதமல்ல. ஆபத்தில்லாமல் அறுவைச் சிகிச்சை பழக டாக்டர்களுக்கு இது உதவுகிறது. அதை வரவேற்கத்தான் வேண்டும். அங்கே ஒரு வேலை இருக்கிறது. வேலை முடிந்ததும் கருவி கழற்றப்படுகிறது.

வீட்டில் கதை வேறு. சினிமாவை நாலு பேர் சேர்ந்து பார்க்கலாம். கேரம் பலகையைச் சுற்றிக் குடும்பமே உட்காரலாம். இந்தக் கருவியை மாட்டிய பிள்ளைக்கோ, பக்கத்தில் நிற்கும் தாயின் முகம்கூடத் தெரியாது. அப்படியிருக்க, 13 வயது என்றிருந்த வரம்பை, பெற்றோர் சம்மதத்துடன் 10 வயதாக 2023-ல் தளர்த்தியது மெட்டா கம்பெனி. வளரும் கண்ணையும் மனத்தையும் வைத்தா சந்தையைப் பெருக்குவது?

ஆகவே, பிள்ளை கேட்கிறான் என்பதற்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டிவிடுமுன் பெற்றோர்கள் சற்று நிதானிக்க வேண்டும். "அடுத்த வருஷம் எல்லாம் சரியாகிவிடும்" என்பது வியாபாரியின் வாக்கு. காசு கொடுப்பதோ இன்று! இன்று கையில் கிடைப்பது என்ன என்று பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

புதுமையை வெறுக்க வேண்டாம். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்கவும் வேண்டாம்.