வாய்த்ததும் தேர்ந்ததும்

புதிய கணினி ஒன்றை முதன்முதலாக இயக்கும்பொழுது, நாம் எதையும் கேட்பதற்கு முன்பே நமக்காகச் சில முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. திரையின் பின்புலப் படம், எழுத்தின் அளவு, கடிகாரம் காட்டும் முறை ஆகியன அவற்றுள் சில. பிடிக்கவில்லையெனில் இவற்றை உடனே மாற்றிக்கொள்கிறோம். ஆனால், இணையத்திற்குள் நம்மை அழைத்துச் செல்லும் உலாவியைப் பற்றி அவ்வாறு எண்ணிப் பார்ப்பதில்லை. விண்டோஸ் கணினியில் எட்ஜ், ஆப்பிள் கணினியில் சஃபாரி, பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் குரோம் என ஏதேனும் ஒன்று அங்கே முன்னரே இடம்பெற்றிருக்கிறது. மின்னஞ்சலிலோ ஆவணத்திலோ உள்ள இணைப்பைத் தொட்டால், அதைத் திறக்கும் உரிமையும் அதற்கே அளிக்கப்பட்டிருக்கிறது. இவ்வாறு கேளாமலே அமைந்திருப்பதை முன்னிருப்பு உலாவி என்கிறோம்.

முன்னிருப்பு உலாவி தீயது, அதைக் கைவிட வேண்டும் என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது பிறர் நமக்காக எடுத்த முடிவு என்பதை உணர வேண்டும்; ஒருமுறையேனும் பிறவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; அதன் பின்னரே ஏற்கவோ மாற்றவோ வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுகிறது. வாய்த்தது நாம் தேர்ந்ததாக மாறுவது அப்பொழுதுதான்.

உலாவி செய்யும் பணி

உலாவியை வெறும் சன்னல் என்று கருதுவோர் உண்டு. சன்னல் வெளியில் உள்ளதை உள்ளபடி காட்டும். உலாவியின் பணி அதனினும் பெரிது. தொலைவிலுள்ள வழங்கியிடம் ஒரு பக்கத்தைக் கேட்டுப் பெறுகிறது. குறிமொழியில் வந்துசேரும் அப்பக்கத்தைப் படித்து, எழுத்தாகவும் படமாகவும் வரைந்து காட்டுகிறது. இவ்வரைதலைச் செய்யும் உட்பகுதிக்கு உலாவிப் பொறி என்று பெயர். நாம் சென்ற தளங்களின் வரலாறு, சேமித்த கடவுச்சொற்கள், தளங்கள் நம்மை அடையாளங்காண விட்டுச்செல்லும் நினைவிகள் ஆகிய அனைத்தும் உலாவியின் பொறுப்பிலேயே உள்ளன. எதைத் தடுப்பது, எதை அனுமதிப்பது, எதை நினைவில் வைப்பது என்று நாம் அறியாமலே அது முடிவு செய்துகொண்டிருக்கிறது. இத்தகைய பொறுப்பைப் பெற்ற ஒன்றை யார் உருவாக்கினார், எவ்வாறு அது நம்மிடம் வந்து சேர்ந்தது என்று கேட்பது முறையே.

ஒரு போட்டியின் வரலாறு

1990ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ முதல் உலாவியை உருவாக்கினார். 1993இல் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக், பொதுமக்களை இணையத்தின்பால் ஈர்த்தது. அதனை உருவாக்கியோருள் ஒருவரான மார்க் ஆண்டிரீசனின் பங்களிப்போடு 1994இல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் வெளிவந்து பெருஞ்செல்வாக்குப் பெற்றது. 1995இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை வெளியிட்டது. பின்னர் அதனை விண்டோஸ் இயங்குதளத்தோடு இணைத்தே வழங்கியது. நெட்ஸ்கேப்பைத் தேடிச்சென்று பெற வேண்டியிருந்தது. எக்ஸ்புளோரரோ கணினியோடு வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் வெற்றி யாருக்கு என்பது தெளிவாயிற்று.

1998ஆம் ஆண்டு மே திங்களில் அமெரிக்க அரசு மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு நீதிபதி ஆணையிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாணையை 2001இல் நீக்கியது. எனினும், முற்றுரிமையைக் காக்க நிறுவனம் சட்டத்திற்குப் புறம்பாக நடந்துகொண்டது என்னும் முடிவை உறுதிசெய்தது. அதற்குள் நெட்ஸ்கேப் தளர்ந்துபோயிருந்தது.

இப்போட்டியில் வென்றது சிறந்த உலாவியா, அருகிலிருந்த உலாவியா என்பது இன்றும் வாதத்திற்குரியது. வெற்றிக்குப் பின் நிகழ்ந்தது வாதத்திற்குரியதன்று. 2001இல் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பு வந்தது. ஏழாம் பதிப்பு வந்தது 2006இல். வேகமாக வளர்ந்துகொண்டிருந்த இணையத்தில், பெரும்பாலோர் பயன்படுத்திய உலாவி ஐந்து ஆண்டுகள் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. போட்டி இல்லாத இடத்தில் வளர்ச்சிக்கு ஏது தூண்டுதல்?

அத்தேக்கத்தை உடைத்தது ஒரு மாற்று உலாவி. நெட்ஸ்கேப் 1998இல் தன் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டிருந்தது. அவ்வித்திலிருந்து முளைத்த மொசில்லா திட்டம் 2004ஆம் ஆண்டு நவம்பரில் ஃபயர்பாக்ஸின் முதற்பதிப்பை வெளியிட்டது. ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் தாவல்களாகத் திறக்கும் வசதியும், அழையாமல் எழும் விளம்பரங்களைத் தடுக்கும் வசதியும் அதில் இருந்தன. எக்ஸ்புளோரரின் ஏழாம் பதிப்பிலும் தாவல்கள் வந்தன. மாற்றைத் தேடிச் சென்றவர் சிலரே. அதனால் விளைந்த நன்மையோ முன்னிருப்பிலேயே இருந்தவர்களையும் சென்றடைந்தது.

தமிழ் எதிர்கொண்ட இடர்

ஓர் உலாவியை மட்டும் நம்பியிருப்பதன் தீமையைத் தமிழும் எதிர்கொண்டது. தமிழ் எழுத்துகளுக்கு ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆயினும், அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் தமிழ் இணையத்தளங்கள் பல தத்தமக்குரிய எழுத்துருக் குறியாக்கங்களையே பயன்படுத்திவந்தன. படிப்பவரின் கணினியில் அவ்வெழுத்துரு இல்லாவிட்டாலும் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் இயங்கு எழுத்துரு முறை கைக்கொள்ளப்பட்டது. அவற்றுள் பரவலாக வழங்கிய வடிவம் மைக்ரோசாப்ட் உருவாக்கியது; எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கியது. அதில் தமிழாகத் தெரிந்த செய்தி, ஃபயர்பாக்ஸில் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகவும் குறிகளாகவும் சிதறிக் கிடந்தது. தாய்மொழியில் செய்தி படிப்பதற்குக்கூட ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் உலாவி தேவைப்பட்டது.

இத்தளையிலிருந்து விடுவித்தது ஒருங்குறி என்னும் பொதுத்தரம். இதழ்களும் தளங்களும் ஒவ்வொன்றாக ஒருங்குறிக்கு மாறின. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. இன்று எந்த உலாவியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது. மாற்று உலாவிகளைப் பயன்படுத்துவோர் இருந்தமையால்தான் பொதுத்தரத்தின் தேவையும் உணரப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

தென்கொரியாவின் பட்டறிவும் இதனையே உணர்த்துகிறது. அங்கு இணையவழி வங்கிப் பணிகள் எக்ஸ்புளோரரில் மட்டும் இயங்கும் ஆக்டிவ்எக்ஸ் என்னும் நுட்பத்தைச் சார்ந்து அமைந்தன. அதிவேக இணையத்திற்குப் பெயர்பெற்ற அந்நாடு, பழைய உலாவி ஒன்றை விட்டு விலக முடியாமல் பல்லாண்டுகள் தவித்தது.

தேர்வுத் திரை

பயனர் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், தேர்ந்தெடுப்பதற்கு வாய்ப்பு இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். இவ்வெண்ணத்தை ஐரோப்பிய ஒன்றியம் செயற்படுத்திப் பார்த்தது. நார்வே நாட்டின் ஓப்பரா நிறுவனம் 2007இல் அளித்த முறையீட்டின் தொடர்ச்சியாக, 2010ஆம் ஆண்டு மார்ச்சு முதல் ஐரோப்பிய விண்டோஸ் பயனர்களுக்குத் தேர்வுத் திரை ஒன்று காட்டப்பட்டது. அதில் பன்னிரண்டு உலாவிகள் இடம்பெற்றன. முதலில் கண்ணில் படும் ஐந்தின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறியமைய வேண்டும் என்பது ஏற்பாடு. வரிசையைக் கலைத்துப்போட முதலில் கையாளப்பட்ட நிரல் எல்லா உலாவிகளுக்கும் சமவாய்ப்புத் தரவில்லை என்று கண்டறியப்பட்டுப் பின்னர்த் திருத்தப்பட்டது. எது எந்த இடத்தில் நிற்கிறது என்பதுகூட மனிதரின் தேர்வைத் திருப்பிவிடும் என்பதனாலேயே இத்துணைக் கவனம் தேவைப்பட்டது. பின்னர், ஓராண்டுக்கும் மேலாக ஒன்றரைக் கோடிப் பயனர்களுக்கு அத்திரை காட்டப்படாமல் விடுபட்டது. அதற்காக 2013இல் மைக்ரோசாப்ட்டுக்கு 56.1 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது.

இன்று களத்தில் முன்னிற்பது குரோம். 2008இல் வெளிவந்த அது, எக்ஸ்புளோரரை முந்தி உலகில் மிகுதியாகப் பயன்படுத்தப்படும் உலாவியாயிற்று. 2022ஆம் ஆண்டு சூன் திங்களில் எக்ஸ்புளோரர் விடைபெற்றது. அதே ஆண்டு அக்டோபரில், ஆண்ட்ராய்டு தொடர்பான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. கைப்பேசியில் கூகுளின் செயலிகளை ஒட்டுமொத்தமாக முன்னரே பொருத்தச் செய்தமையும் அவ்வாணையில் ஆராயப்பட்டது. பெயர்கள் மாறினாலும் கேள்வி மாறவில்லை.

முன்னிருப்பு என்னும் இடத்தின் விலை என்ன என்பதையும் ஒரு வழக்கு வெளிப்படுத்தியது. பிறர் உருவாக்கிய உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தன் தேடுபொறியை முன்னிருப்பாக வைப்பதற்குக் கூகுள் 2021ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் செலவிட்டது என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் தெரியவந்தது. எவரும் எளிதில் மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் அமைப்புக்கு இவ்வளவு பெருந்தொகை ஏன்? பெரும்பாலோர் மாற்றமாட்டார்கள் என்னும் உறுதியே அதன் விலை. நம் கவனமின்மைக்குச் சந்தையில் மதிப்பு உண்டு. அம்மதிப்பு நம்மைச் சேர்வதில்லை.

மறுபக்கம்

முன்னிருப்புக்கும் சார்பான நியாயங்கள் உண்டு. கணினியை முதன்முதலாகக் கையாளும் முதியவருக்கு, எதையும் நிறுவாமலே இணையம் கிடைப்பது பேருதவி. இயங்குதளத்தை உருவாக்கியவரே உலாவியையும் உருவாக்கும்பொழுது, பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்துசேர்கின்றன. மின்கலமும் சிக்கனமாகச் செலவாகலாம். மேலும், மாற்று எனப்படுவதெல்லாம் மேம்பட்டதாகிவிடாது. முறையாகப் புதுப்பிக்கப்படாத உலாவி, முன்னிருப்பைக் காட்டிலும் இடர் மிக்கது. மாற்றுகளும் முற்றிலும் தற்சார்புடையன அல்ல. ஃபயர்பாக்ஸை வழங்கும் மொசில்லாவின் வருவாயில் பெரும்பகுதி, கூகுள் தேடுபொறியை முன்னிருப்பாக வைத்திருப்பதனால் கிடைப்பதே.

பெயரளவில் மட்டுமே வேறுபடும் மாற்றுகளும் உள. குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ் ஆகிய நான்கும் பிளிங்க் என்னும் ஒரே பொறியால் இயங்குகின்றன. ஃபயர்பாக்ஸின் கெக்கோவும் சஃபாரியின் வெப்கிட்டும் வேறு பொறிகள். எட்ஜிலிருந்து குரோமுக்கு மாறுபவர் நிறுவனத்தை மாற்றுகிறார், பொறியை மாற்றுவதில்லை. ஒரே பொறியில் இயங்கினால் போதும் என்று தளங்களை உருவாக்குவோர் எண்ணத் தொடங்கினால், எக்ஸ்புளோரர் காலத்தின் இடர் வேறு பெயரில் திரும்பி வரக்கூடும்.

நாம் செய்யத்தக்கது

ஆகவே, உலாவியைத் தேர்வு செய்யும்பொழுது சில வினாக்களை எழுப்பிப் பார்த்தல் நன்று. இதனை உருவாக்கியோருக்கு வருவாய் எங்கிருந்து வருகிறது? பின்தொடரும் நினைவிகளை இது இயல்பாகவே தடுக்கிறதா, நாமே தடுக்க வேண்டுமா? பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் வருகின்றனவா? தமிழ் இடைமுகம் உள்ளதா? நாளை வேறொன்றுக்கு மாற விரும்பினால், நாம் சேமித்த கடவுச்சொற்களையும் பக்கக்குறிகளையும் எளிதில் எடுத்துச்செல்ல முடியுமா? இறுதி வினா இன்றியமையாதது. வெளியேறும் வழி தெளிவாக உள்ள இடத்தில்தான் தங்குவதும் விருப்பத்தால் ஆகிறது.

இரண்டு உலாவிகளைக் கணினியில் வைத்து, ஒரு வாரம் மாறிமாறிப் பயன்படுத்திப் பார்க்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை. சிறிது பொறுமை போதும். அப்பொறுமையைச் சோதிக்கும் ஏற்பாடுகளும் இருந்திருக்கின்றன. விண்டோஸ் 11 வெளிவந்த தொடக்கத்தில், முன்னிருப்பு உலாவியை மாற்ற விரும்பியவர் ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனியே அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. பயனர்களின் எதிர்ப்புக்குப் பின், 2022ஆம் ஆண்டில் ஒரே பொத்தானில் அதனைச் செய்ய வழி அமைந்தது. பேசாதிருந்தால் அவ்வழி பிறந்திருக்குமா?

ஒப்பிட்டுப் பார்த்தபின், கணினியோடு வந்த உலாவியே போதும் என்று ஒருவர் முடிவு செய்யலாம். அதில் இழுக்கேதும் இல்லை. நேற்றுவரை அது அவருக்கு வாய்த்தது. இன்று அவர் தேர்ந்தது. உலாவியில் எந்த மாற்றமும் நிகழவில்லை. மாறியது பயனரின் நிலை. தேடுபொறி, செய்தி ஓடை, அடுத்து எதைப் பார்ப்பது என்னும் பரிந்துரை என நம் வாழ்வில் முன்னிருப்புகள் பெருகிவரும் காலம் இது. அவை அனைத்தையும் நாள்தோறும் ஆராய்ந்துகொண்டிருக்க எவராலும் இயலாது. ஆயினும், நாள்தோறும் பல மணிநேரம் நம் கண்முன் நிற்கும் ஒன்றையேனும் ஆராய்ந்து ஏற்கும் பழக்கம், பிறவற்றையும் கேள்விக்கு உட்படுத்தும் துணிவை நமக்குத் தரும்.